தளர்ந்த இதயமும் வீட்டுச் சமையலும்

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் பங்குக் குருக்களுக்கு இன்று பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. இரண்டு மூன்று தலையணைகளைச் சாய்மானமாக வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் கட்டிலில் அமர்ந்திருப்பார். கால்கள் வீங்கியிருக்கும். நான்கு சொற்கள் பேசுமுன் மூச்சு இரைக்கும். "இதயம் செயலிழந்துவிட்டதென்று டாக்டர் சொல்லிவிட்டார், சாமி" என்று வீட்டார் தாழ்ந்த குரலில் கூறுவர். அடுத்து, கேளாமலே ஒரு வழக்கும் நம் முன் வைக்கப்படும். "உப்பில்லாமல் ஆக்கிப் போட்டே என்னை அனுப்பிவிடுவாள்" என்று பெரியவர் மருமகளைச் சுட்டிக் காட்டுவார். "ஊறுகாய் கேட்டு அடம்பிடிக்கிறார், கொடுத்தாலும் பழி, கொடுக்காவிட்டாலும் பழி" என்று மருமகள் கண்கலங்குவாள்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மருத்துவ ஆய்வுகள் இன்று காட்டியிருக்கின்றன. உப்பைக் குறைக்க வேண்டும் என்னும் மருமகளின் கண்டிப்பும் சரியே. வாய்க்கு ருசியாக வயிறார உண்ண வேண்டும் என்னும் மாமனாரின் ஆசையும் சரியே. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழியைக் காண்பதே நம் குடும்பங்களின் கடமையாகும்.

நோயின் இயல்பு

'இதயச் செயலிழப்பு' என்னும் பெயரே பலரை நடுங்கச் செய்கிறது. இதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருள் அன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைத்துக் கொடுக்க இயலாதவாறு இதயம் தளர்ந்துவிட்டது என்பதே பொருள். மாரடைப்பினால் இதயத் தசையின் ஒரு பகுதி கெட்டிருக்கலாம், பல்லாண்டு கவனியாது விட்ட இரத்த அழுத்தத்தினால் இதயம் களைத்திருக்கலாம், வால்வுகள் பழுதடைந்திருக்கலாம்.

இதில் உப்புக்கு என்ன வேலை? கடைமடை விவசாயி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் நீர் குறைவாக வருவதைக் கண்டதும், குளம் வற்றிவிட்டது போலும் என்று அஞ்சி, தம் வயலின் வடிகாலை அடைத்து உள்ள நீரைத் தேக்கிக்கொள்வார். குளத்தில் நீர் நிறைய இருக்கிறது, இறைக்கும் பொறிதான் பழுதாகிவிட்டது என்பதை அவர் அறியார். நம் சிறுநீரகங்களும் இவ்வாறே செய்கின்றன. தளர்ந்த இதயத்திலிருந்து இரத்தம் குறைவாக வரவே, உடலில் நீர் குறைந்துவிட்டதென்று கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் சேர்த்து வைக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் தன்னோடு நீரையும் பிடித்து நிறுத்தும் இயல்புடையது. அந்நீர் காலில் இறங்கினால் வீக்கம்; நுரையீரலில் தேங்கினால் மூச்சிரைப்பு; குடலிலும் ஈரலிலும் தேங்கினால் பசியின்மை. மருத்துவர் கொடுக்கும் 'நீர் மாத்திரை' இந்நீரை வடிக்கவே கொடுக்கப்படுகிறது. ஒரு கையால் மாத்திரையை விழுங்கி, மறு கையால் ஊறுகாயை எடுப்பது, ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைத்துக்கொண்டே ஓட்டையைப் பெரிதாக்குவது போலாகும்.

இந்நோய் எங்கோ உள்ளதன்று. செங்கோட்டை 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரை மலையாளச் சீமையோடு இணைந்திருந்த ஊர். இன்றும் ஆரியங்காவு மலையைக் கடந்து அப்பக்கம் செல்வது நமக்கு அயலூர்ப் பயணமாகத் தோன்றுவதில்லை. அம்மலைக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரத்தில், இதயத் தளர்ச்சியோடு மருத்துவமனைகளில் சேர்ந்தோரைப் பற்றி 2013-ஆம் ஆண்டு ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. 18 மருத்துவமனைகளில் 1205 நோயாளிகள் அதில் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுடைய சராசரி வயது 61. மேலை நாட்டு நோயாளிகளைவிட நம்மவர்க்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே இந்நோய் வந்துவிடுகிறது என்பது அதனால் தெரிய வந்தது. பத்தில் ஏழு பேருக்கு இதய இரத்தக்குழாய் அடைப்பே காரணமாயிருந்தது. ஓராண்டுக்குள் அவர்களுள் 31 விழுக்காட்டினர் இறந்து போயினர். ஆகவே இது விளையாட்டான நோயன்று. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே முதற்கடமை. உணவு அம்மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

எவ்வளவு உப்பு?

உலக நலவாழ்வு நிறுவனம் வயதுவந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. இது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி அளவு; இதில் சோடியம் ஏறக்குறைய 2 கிராம். குழம்பு, கூட்டு, மோர், பலகாரம் யாவும் இந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஆனால் 2017-18-இல் நம் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், ஓர் இந்தியர் நாளொன்றுக்குச் சராசரியாக 8 கிராம் உப்பு உண்பதாகக் கண்டனர். இதயத் தளர்ச்சி உடையோரும் 5 கிராமைத் தாண்டலாகாது என்பதே ஐரோப்பிய இதய மருத்துவர் கழகம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறையின் கருத்து.

இதை அளந்து பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளொன்றுக்கு 25 கிராம், மாதத்துக்கு 750 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் மாதம் முடியுமுன் காலியாகிறதென்றால், அவ்வீட்டில் அனைவருமே அளவுக்கு மீறி உண்கின்றனர் என்று அறியலாம். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், மிக்ஸர் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் வாராது, அது தனி. கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எதுவாயினும் சோடியத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை.

நம் முதன்மை உணவாகிய சோற்றில் இயல்பாக உப்பு அறவே குறைவு. 1939-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், கடும் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையோர்க்கு உப்பில்லாச் சோறும் பழமுமே உணவாகக் கொடுத்து மருத்துவம் செய்யத் தொடங்கினார் என்பது வரலாறு. நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. சோறு நமக்குப் பகையன்று. சோற்றோடு இலையில் வந்து அமரும் கூட்டாளிகளே பகை. ஊறுகாய், மோர்மிளகாய், வற்றல், வடகம், அப்பளம், கருவாடு ஆகியவை கெடாமல் இருப்பதற்கென்றே உப்பை வாரிக் கொட்டிச் செய்யப்படுபவை. சமையல் சோடா, அப்பளக்காரம் ஆகியவையும் சோடியம் உடையனவே என்பதைப் பலர் அறியார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம் பக்கத்தில் விருந்தினர் வரவும் தொடங்கிவிடும். பேரப்பிள்ளைகள் அருவியில் குளித்துத் திரும்புகையில் ஏத்தங்காய் வற்றலையும், பிரானூர் பார்டரிலிருந்து பரோட்டாவையும் சால்னாவையும் அன்போடு கட்டிக்கொண்டு வந்து தாத்தாவுக்கு ஊட்டுவர். இரண்டு நாள் கழித்து, நள்ளிரவில் தாத்தாவுக்கு மூச்சுத் திணறும்போது, அந்தப் பொட்டலத்தை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

உப்பைக் குறையுங்கள், உணவைக் குறையாதீர்கள்

இதுவரை மருமகளின் பக்கம் பேசினோம். இனிப் பெரியவரின் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

உப்பை மிகக் கடுமையாகக் குறைத்தால் உயிர் காக்கப்படுமா என்பதை அறிய ஆறு நாடுகளில் 806 இதய நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2022-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் சோடியத்தை 1½ கிராமுக்கும் கீழே குறைக்குமாறு பயிற்றப்பட்டனர். மறு பிரிவினர்க்கு வழக்கமான அறிவுரை மட்டும் கூறப்பட்டது. ஓராண்டு கழிந்தபின், மருத்துவமனையில் சேர்வதிலும் இறப்பிலும் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; உப்பைக் குறைத்தோரின் அன்றாட நலம் மட்டும் சற்று மேம்பட்டிருந்தது. 'அப்படியானால் உப்பை அள்ளிப் போடலாம்' என்று எவரும் மகிழ வேண்டாம். அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே நாளொன்றுக்கு 6 கிராமை ஒட்டிய உப்பையே உண்டு வந்தனர். எட்டு, ஒன்பது கிராம் உண்ணும் நாம் ஐந்துக்கு இறங்குவது தேவை. ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்க வேண்டுமென்று பெரியவரை வதைப்பது தேவையன்று. இதுவே அவ்வாய்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

அதனினும் முக்கியமானது வேறொன்று. ஸ்பெயின் நாட்டில், இதயத் தளர்ச்சியோடு ஊட்டக்குறைவும் உடைய 120 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளியிடப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். ஒரு பகுதியினர்க்கு மருந்தோடு, அவரவர்க்கு ஏற்ற சத்துணவுத் திட்டமும் வகுத்துக் கொடுக்கப்பட்டது. ஓராண்டில், மருந்து மட்டும் பெற்றோருள் 60 விழுக்காட்டினர் இறந்தனர் அல்லது அந்நோய் முற்றி மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தனர். சத்துணவும் பெற்றோருள் அத்தகையோர் 27 விழுக்காட்டினரே. உப்பு மிகுந்தால் மட்டுமன்று, உணவு குறைந்தாலும் தளர்ந்த இதயம் வீழும் என்பது இதனால் விளங்குகிறது.

நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? உப்பில்லாத கஞ்சியை ஒரு தூக்கில் வைத்துக் கட்டிலருகே வைத்துவிடுகிறோம். பெரியவர் இரண்டு வாய் குடித்து ஒதுக்கிவிடுகிறார். "வயதாகிவிட்டது, பசியில்லை" என்று நாமும் விட்டுவிடுகிறோம். கன்னம் ஒட்டுகிறது, கை மெலிகிறது. காலில் உள்ள வீக்கம் அந்த மெலிவை மறைத்துவிடுகிறது. யாயீரின் மகளை உயிர்ப்பித்த நம் ஆண்டவர், அதிசயித்து நின்ற பெற்றோரிடம் முதலில் இட்ட கட்டளை, அச்சிறுமிக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. சோர்ந்து சாகத் துணிந்து சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்கு வானதூதர் கொண்டு வந்ததும் அறிவுரையன்று, அப்பமும் தண்ணீரும். பலவீனருக்கு ஊட்டுவது பரிவு மட்டுமன்று, அதுவே மருத்துவம்.

ஆகவே முதியோர்க்கு ஒரே வேளையில் இலை நிறையப் படைப்பதை விடுத்து, சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுக்க வேண்டும். நிறைந்த வயிறு மூச்சிரைப்பை மிகுவிக்கும்; சிறு உணவு எளிதில் இறங்கும். கஞ்சி மட்டும் போதாது. தசை தேயாமலிருக்கப் புரதம் வேண்டும். பருப்பு, வேகவைத்த முட்டை, உப்பிடாத புது மீன், பால், தயிர், மசித்த சுண்டல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருத்தல் நன்று. சிறுநீரகம் பழுதுற்றவர் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பல்லில்லாதவர்க்கு நன்கு குழைய வேகவைத்துக் கொடுங்கள்.

ருசிக்கு என்ன செய்வது? 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் முன்னோர் வாக்கு. உண்மையே, ஆயினும் ருசி உப்பில் மட்டும் இல்லை. எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற புளியங்குடி நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, சிறிது தேங்காய் இவற்றைக் கொண்டு நாவை நிறைவு செய்யலாம். சமைக்கும்போது பாதி உப்பிட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். ஒரே நாளில் குறைக்காமல் மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகக் குறைத்தால் நாவும் பழகிக்கொள்ளும்.

எல்லாவற்றினும் மேலாக, பெரியவர்க்கெனத் தனிப்பானை வைக்காதீர்கள். வீட்டார் அனைவரும் மணக்க மணக்க மீன்குழம்பு உண்ண, ஒருவர் மட்டும் மூலையில் வெறுங்கஞ்சி குடிப்பது நோயைவிடக் கொடியது. வீடு முழுவதும் உப்பைக் குறைத்து, ஒரே குழம்பை ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். நாற்பது வயதில் இரத்த அழுத்தத்தைச் சுமந்து திரியும் மகனுக்கும் அதுவே காப்பு. இன்னும் உப்பு வேண்டுமென்னும் இளையோர் தம் இலையில் சிறிது தூவிக்கொள்ளட்டும். சமைப்பவள் மருமகளாயினும், இந்த முடிவை எடுத்து அறிவிக்க வேண்டியவன் மகன். பழி முழுவதையும் அவள் தலையில் சுமத்திவிட்டு அவன் செய்தித்தாளில் முகம் புதைத்துக்கொள்ளலாகாது.

தண்ணீரும் எடையும்

தண்ணீரைப் பற்றியும் மயக்கம் உண்டு. சிலர் தாகத்தால் நா வறள விடுகின்றனர். சிலர் உடற்சூடு தணியுமென்று குடம் குடமாகக் குடிக்கச் சொல்கின்றனர். நோய் நிலைபெற்று வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு நீரைக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால் தாகத் துன்பம் மிகுகிறதேயன்றி நலம் மிகுவதில்லை என்று நெதர்லாந்தில் நடந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எனினும் வீக்கம் மிகுந்தோர்க்கும், இரத்தத்தில் சோடியம் குறைந்தோர்க்கும் மருத்துவர் அளவு விதிப்பார்; அவ்வளவை மீறலாகாது. அளவு விதிக்கப்பட்டவர் ஒரு பாட்டிலில் நாள் முழுவதற்குமான நீரை ஊற்றி வைத்துக்கொள்ளட்டும். காப்பி, மோர், கஞ்சித்தண்ணீர், ரசம் யாவும் அக்கணக்கில் சேரும்.

தேங்கும் நீரைக் கண்டறியச் சிறந்த கருவி எடைபார்க்கும் பொறியே. காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன், ஒரே வகை உடையில் எடையைப் பார்த்து நாள்காட்டியில் குறித்து வையுங்கள். உடல் மூன்று நாளில் 2 கிலோ கொழுத்துவிடாது. அது தேங்கிய நீரே. அவ்வாறு கூடினால், மூச்சு முட்டும் வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்த ஒரு பழக்கம் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் தேடி அலையும் துன்பத்தைப் பலமுறை தவிர்க்கும்.

நோயாளியைக் காணச் செல்வோர் இளநீர்க் குலையோடு செல்வது நம் வழக்கம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. இதய நோய்க்கான சில மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்குவன. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் அது அளவு மீறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதிலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியமே கலந்திருக்கிறது. பிறர்க்கு நன்மையான அது, இந்நோயாளிகள் சிலர்க்கு நஞ்சாகலாம். மருத்துவரைக் கேளாமல் அதை வாங்காதீர்கள். மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளுள் பல, உப்பையும் நீரையும் உடலில் தேக்குவன என்பதையும் நினைவிற் கொள்க.

ஒருசந்தி யாருக்கு?

இறுதியாக, குருவானவர் என்னும் முறையில் நாம் கூறியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. தவக்காலம் வந்தால், எழுபது, எண்பது வயதினர் பலர் மாத்திரையையும் விடுத்து ஒருசந்தி இருக்கின்றனர். அவர்தம் பக்தி பெரிது. ஆனால் திருச்சபை அதைக் கேட்கவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252-ஆம் சட்டப்படி, ஒருசந்திக் கடமை 59 வயது நிறைவதோடு முடிகிறது. அவ்வயதுக்கு உட்பட்டவராயினும் நோயுற்றோரை அது கட்டாயப்படுத்துவதில்லை. சுத்தபோசன நாளில் இறைச்சியை விலக்கிக் கருவாட்டுக் குழம்பை வயிறார உண்பது சட்டத்துக்கு ஒத்ததாயினும், தளர்ந்த இதயத்துக்கு ஒத்ததன்று.

நற்கருணை நோன்பும் அவ்வாறே. நள்ளிரவு முதல் ஒரு துளி நீரும் அருந்தலாகாது என்று சிறுவயதில் கற்றதை மூத்தோர் இன்றும் மறக்கவில்லை. தண்ணீர் நோன்பை முறிக்காது என்று பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1953-லேயே அறிவித்துவிட்டார். 1964-இல் 6-ஆம் சின்னப்பர் நோன்பை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். மருந்து எந்நாளும் நோன்பை முறிப்பதில்லை. முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் உண்டிருந்தாலும் நற்கருணை உட்கொள்ளலாம் என்று 919-ஆம் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. திருப்பலி நடுவே சிறுநீர் கழிக்க எழ நேருமே என்று கூசி ஞாயிறுதோறும் நீர் மாத்திரையை விட்டுவிடுவோர், அதைத் திருப்பலிக்குப் பின் உட்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டறிக. மாத்திரையை விடுவது எவ்வகையிலும் காணிக்கையாகாது.

எனவே வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் நோயாளிகளைச் சந்திக்கச் செல்கையில், பிஸ்கட் பொட்டலத்துக்குப் பதிலாக அரை டஜன் முட்டையும் நான்கு எலுமிச்சம் பழமும் கொண்டு செல்வார்களாக. எடைபார்க்கும் பொறி வாங்க இயலாத இல்லங்களுக்குப் பங்கிலிருந்தே ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். திருவிழா அசனத்தில் ஊறுகாயும் அப்பளமும் இல்லாத பந்தி ஒன்று முதியோர்க்கென நடக்கட்டும். அவரோடு பிள்ளைகளும் அமர்ந்து உண்ணட்டும்.

திரு இருதயப் படத்தின் முன் நாள்தோறும் செபமாலை சொல்லும் இல்லங்கள் நம்முடையவை. அப்படத்தின் கீழேயே ஓர் இதயம் தளர்ந்து துடித்துக்கொண்டிருக்கிறது. செபமாலை முடிந்ததும், இன்றைக்குத் தாத்தா எவ்வளவு உண்டார், பாட்டியின் எடை எவ்வளவு என்று ஒருவர் கேட்டுக் குறித்து வைப்பாராக.